எருசலேம் தீர்மானமும் இன்றைய விருத்தசேதன விவாதமும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 17:9-14, அப்போஸ்தலர் 15:1-29, கலாத்தியர் 5:1-6



திருச்சபையின் பழைய நாட்காட்டியில் சனவரி முதல் நாள் நம் ஆண்டவரின் விருத்தசேதனத் திருநாளாகும். நள்ளிரவு ஆராதனையும் புத்தாண்டு வாக்குத்தத்த வசனமும் நம் மனதை நிறைத்துவிடுவதால், அந்நாளுக்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்பதையே நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஆயினும் லூக்கா தம் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம் 21ஆம் வசனத்தில் இதைத் தெளிவாகப் பதிவு செய்துள்ளார். பிறந்த எட்டாம் நாளில் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யப்பட்டது. இயேசு என்னும் நாமமும் அன்றே இடப்பட்டது.

இதைப் பேசக் கூச்சப்படும் ஒரு பண்பாட்டில் நாம் வளர்ந்திருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் பேசாதிருக்க இயலாத இடங்களில் வாழ்கிறார்கள். அமெரிக்காவில் பிரசவித்த பெண்ணிடம் மருத்துவமனைச் செவிலியர் வந்து, உங்கள் மகனுக்கு விருத்தசேதனம் செய்யலாமா என்று கேட்பது அங்கே வழக்கமான காரியம். வேதாகமத்தில் இருப்பதால் நாமும் செய்ய வேண்டுமோ என்று இளம் பெற்றோர் தடுமாறுகிறார்கள். இங்கே நம் ஊரிலோ, முன்தோல் இறுக்கம் என்று மருத்துவர் சொன்னவுடன், இது வேறு மதத்தாரின் சடங்கல்லவா என்று தயங்கிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெற்றோரும் உண்டு. இந்த இரண்டு தடுமாற்றங்களுக்கும் பதில் திருச்சபையின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆகவே இவ்வாரம் அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உடன்படிக்கையின் அடையாளம்

விருத்தசேதனம் ஆபிரகாமோடு தொடங்கிய வழக்கம் அன்று. எகிப்தின் சக்காராவில் அங்க்மாகோர் என்னும் அதிகாரியின் கல்லறைச் சுவரில் இச்செயலைக் காட்டும் புடைப்புச் சிற்பம் உள்ளது. அது கிறிஸ்துவுக்கு 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. எகிப்தியரிடம் இவ்வழக்கம் இருந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசும் எழுதியுள்ளார். எரேமியா தீர்க்கதரிசி ஒன்பதாம் அதிகாரத்தின் இறுதியில் எகிப்து, ஏதோம், அம்மோன், மோவாப் ஆகிய ஜாதிகளை யூதாவோடு சேர்த்தே பேசுகிறார்.

அப்படியானால் ஆதியாகமம் 17இல் புதிதாக நிகழ்ந்தது என்ன? சுற்றுப்புறத்தில் அறியப்பட்டிருந்த ஒரு வழக்கத்தைக் கர்த்தர் தம் உடன்படிக்கையின் அடையாளமாக்கினார். பிள்ளைப் பருவத்தைக் கடந்தவனுக்குச் செய்யப்படும் சடங்கு, எட்டு நாள் குழந்தைக்குச் செய்யப்படும் அடையாளமாயிற்று. ஆபிரகாமுக்கு அப்போது வயது 99, இஸ்மவேலுக்கு 13. ஈசாக்குக்கே முதன்முதலில் எட்டாம் நாளில் செய்யப்பட்டது. தன்னால் எதையும் செய்ய இயலாத, எதையும் புரிந்துகொள்ளாத சிசுவைத் தேவன் தம் வாக்குத்தத்தத்திற்குள் சேர்த்துக்கொள்கிறார் என்பதே அதன் பொருள்.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். எட்டாம் நாளில்தான் குழந்தையின் இரத்தம் நன்றாக உறையும், ஆகவேதான் தேவன் அந்நாளைக் குறித்தார் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பிறந்த குழந்தையின் உடலில் இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே குறைவாக இருப்பது உண்மையே. அதற்காகவே இன்று பிறந்தவுடன் அந்த ஊசியைப் போடுகிறார்கள். ஆனால் ஆதியாகமம் உடல்நலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உடன்படிக்கையைப் பற்றியே சொல்கிறது. வேதம் சொல்லாத மருத்துவக் காரணத்தை வேதத்தின்மேல் ஏற்றினால், நாளை மருத்துவம் வேறொன்றைச் சொல்லும்போது எளிய விசுவாசியின் விசுவாசமே அசைக்கப்படும்.

இப்படி மருத்துவக் காரணம் தேடுவது புதிய பழக்கமும் அன்று. இயேசுவின் காலத்தில் அலெக்சந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ, நோய்த்தடுப்பும் தூய்மையும் விருத்தசேதனத்தின் பயன்கள் என்று கிரேக்கருக்கு விளக்கம் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத ஞானி மைமோனிதிஸ் தாமே ஒரு மருத்துவர். அவரோ உடலின் குறையைத் திருத்துவதற்காக இது கொடுக்கப்படவில்லை என்று எழுதினார்.

மேலும், யூத மரபு இக்கட்டளையைக் குழந்தையின் உயிருக்கு மேலாக வைக்கவில்லை என்பதையும் நாம் அறிய வேண்டும். ஓய்வுநாளிலும் விருத்தசேதனம் செய்யப்பட்டதை யோவான் 7இல் நம் ஆண்டவரே குறிப்பிடுகிறார். அவ்வளவு கண்டிப்பான கட்டளையாயிருந்தும், குழந்தை நோயுற்றிருந்தால் குணமாகும்வரை ஒத்திவைக்க வேண்டும் என்று யூத போதகர்கள் விதித்தார்கள். ஒரு தாயின் இரு புதல்வர்கள் விருத்தசேதனத்தினால் இறந்திருந்தால் மூன்றாம் மகனுக்கு அதைச் செய்யலாகாது என்றும் தல்மூது கூறுகிறது. இரத்தம் உறையாத பரம்பரை நோயை மருத்துவம் பெயரிட்டு விளக்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தாய்மாரின் கண்ணீரிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட ஞானம் இது.

மோசேயும் தீர்க்கதரிசிகளும் இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள். உபாகமம் 10:16, 30:6, எரேமியா 4:4 ஆகிய பகுதிகளை வாசித்துப் பாருங்கள். மாம்சத்திலுள்ள அடையாளம் இருதயத்தில் இல்லாவிட்டால் பயனில்லை என்பது பவுல் கண்டுபிடித்த உபதேசம் அன்று. பழைய ஏற்பாடே அதைப் போதித்தது.

தடையும் பலவந்தமும்

கிறிஸ்துவுக்கு முன் 167ஆம் ஆண்டளவில் சீரிய அரசன் நான்காம் அந்தியோகு யூதரின் வழிபாட்டை ஒழிக்க முற்பட்டான். விருத்தசேதனம் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பிள்ளைகளுக்கு அதைச் செய்த தாய்மார் கொல்லப்பட்டதையும், சிசுக்கள் அவர்களுடைய கழுத்தில் தொங்கவிடப்பட்டதையும் மக்கபேயரின் முதல் நூல் கூறுகிறது. அதற்கு முன்பே, கிரேக்க விளையாட்டுக் கூடங்களில் ஆடையின்றி நிற்க நாணி, அவ்வடையாளத்தை மறைத்துக்கொண்ட யூத வாலிபரும் இருந்தார்கள். பின்னர் ரோமப் பேரரசன் ஹத்ரியானின் காலத்திலும் தடை வந்தது; அவனுக்குப் பின்வந்த அந்தோனினு பயஸ், யூதர் தம் சொந்தக் குமாரருக்கு மட்டும் செய்துகொள்ள அனுமதித்தான்.

ஆனால் வரலாறு ஒரு பக்கம் மட்டும் சாய்வதில்லை. அதே மக்கபேயர் நூல், மத்ததியாவும் அவன் தோழரும் விருத்தசேதனம் பெறாத சிறுவர்களுக்குப் பலவந்தமாய் அதைச் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறது. அவன் பேரனாகிய யோவான் ஹிர்கானு ஏதோமியரைத் தோற்கடித்து, விருத்தசேதனம் செய்துகொண்டால் மட்டுமே நாட்டில் தங்கலாம் என்று கட்டளையிட்டதை யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். அப்படிச் சேர்க்கப்பட்ட ஏதோமியரின் வழியில் வந்தவனே பெரிய ஏரோது. வாளைக் காட்டித் தடுப்பதும், வாளைக் காட்டித் திணிப்பதும் ஒரே நூற்றாண்டுக்குள் ஒரே மண்ணில் நடந்தன. இந்தப் பின்னணியை மனதில் வைத்தே அப்போஸ்தலர் 15ஐ நாம் வாசிக்க வேண்டும்.

எருசலேமில் எடுக்கப்பட்ட தீர்மானம்

ஏறத்தாழ கி.பி. 49ஆம் ஆண்டில், யூதேயாவிலிருந்து சிலர் அந்தியோகியாவுக்கு வந்து, விருத்தசேதனம் இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று போதித்தார்கள். அவர்களை நாம் எளிதாக ஏளனம் செய்துவிடக்கூடாது. எந்த அடையாளத்திற்காகத் தங்கள் முன்னோர் உயிரைக் கொடுத்தார்களோ அதைப் புறஜாதியார் தேவையில்லை என்று சொல்லும்போது, அவர்களுடைய உள்ளம் பதறியதில் வியப்பில்லை.

பவுலும் பர்னபாவும் எருசலேமுக்குச் சென்றார்கள். பேதுரு எழுந்து, தங்கள் பிதாக்களாலும் தங்களாலும் சுமக்க இயலாத நுகத்தைப் புறஜாதிச் சீஷரின் கழுத்தில் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்டார். யாக்கோபு தீர்ப்புக் கூறினார். விக்கிரகங்களுக்குப் படைத்தது, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் ஆகிய நான்கையும் விலக்கும்படி மாத்திரம் புறஜாதியாருக்கு எழுதப்பட்டது. அந்தக் கடிதத்தில் விருத்தசேதனம் இல்லை.

நாம் இன்று கிறிஸ்தவர்களாக இருப்பதற்கு அந்தத் தீர்மானமும் ஒரு காரணம். அது வேறுவிதமாக முடிந்திருந்தால் சுவிசேஷம் ஒரு ஜனத்தின் எல்லைக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

ஆனால் அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. தீர்மானத்தின் நகலோடு பயணப்பட்ட அதே பவுல், லீஸ்திராவில் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்விக்கிறார். முன்பு எருசலேமில் கிரேக்கனாகிய தீத்துவுக்குச் செய்யும்படி வற்புறுத்தியபோது ஒரு நாழிகையும் இணங்காதவர் அவர். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. இரட்சிப்புக்கு நிபந்தனையாகக் கேட்டபோது மறுத்தார். தாய்வழியில் யூதனாயிருந்த வாலிபன் தன் ஜனத்தாரிடையே ஊழியம் செய்ய இடறல் இருக்கக்கூடாது என்றபோது இணங்கினார். செய்வதிலும் செய்யாமலிருப்பதிலும் பெருமை இல்லை. அன்பின் வழியாகச் செயலாற்றும் விசுவாசமே முக்கியம் என்பது கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தின் சாரம்.

திருச்சபை அதை எவ்வாறு கடைப்பிடித்தது

பின்வந்த நூற்றாண்டுகளில், கொலோசெயர் 2:11-12ஐ ஆதாரமாகக் கொண்டு, விருத்தசேதனத்தின் இடத்தில் ஞானஸ்நானம் வந்தது என்று திருச்சபை போதித்தது. ஏறத்தாழ கி.பி. 253இல் பீதுஸ் என்னும் ஆயர், குழந்தைக்கு எட்டாம் நாள்வரை காத்திருந்துதான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று கருதினார். கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானும் அவரோடு கூடிய 66 ஆயர்களும் அதை ஏற்கவில்லை; தேவ கிருபையைப் பெற ஒரு சிசுவை எட்டு நாள் காக்க வைக்க வேண்டியதில்லை என்று பதில் எழுதினார்கள்.

1442இல் புளோரன்ஸ் சங்கம் எகிப்தின் கோப்து திருச்சபையோடு ஒப்புரவாக முயன்றபோது, ஞானஸ்நானத்திற்கு முன்னும் பின்னும் விருத்தசேதனத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்று கடுமையாக அறிவித்தது. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறிஸ்தவர்கள் அதை வழக்கமாகச் செய்துவந்தார்கள், இன்றும் செய்கிறார்கள்.

ஏறத்தாழ 1555இல் எத்தியோப்பியப் பேரரசர் கலாவ்தேவோஸ், போர்த்துக்கீசியக் குருமார் சாட்டிய யூதமதக் குற்றச்சாட்டுக்குப் பதிலாக ஒரு விசுவாச அறிக்கை எழுதினார். பவுலின் உபதேசத்தைத் தாம் அறிந்திருப்பதாகவும், தம் நாட்டில் செய்யப்படும் விருத்தசேதனம் யூதருடையதைப் போன்ற நியாயப்பிரமாணக் கடமை அன்று என்றும், அது தேச வழக்கம் மாத்திரமே என்றும் அதில் விளக்கினார். அதற்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. எத்தியோப்பியாவிலும் நூபியாவிலும் முகத்தில் கீறிக்கொள்வதைப் போலவும், இந்தியர் காது குத்திக்கொள்வதைப் போலவும் என்று அவர் எழுதினார்.

காதுகுத்து! தாய்மாமன் மடியில் குழந்தையை இருத்தி, அது வீறிட்டழ, நாம் விருந்து வைத்து மகிழ்கிறோமே, அதே காதுகுத்துத்தான். அது இரட்சிப்பைத் தருகிறது என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. பாவம் என்றும் சொல்வதில்லை. குழந்தையின் சம்மதத்தையும் நாம் கேட்பதில்லை. காது மடலும் முன்தோலும் ஒன்றல்ல, இழப்பும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனாலும் பிறருடைய வழக்கத்தை நாம் தீர்ப்பிடத் தொடங்கும்போது, அந்த ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ அரசர் ஏறத்தாழ 470 ஆண்டுகளுக்கு முன் நீட்டிய இந்தக் கண்ணாடியை நினைவில் கொள்வது நல்லது.

மருத்துவம் கையில் எடுத்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பொருள் ஆலயத்திலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தது. 1870இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற எலும்பியல் மருத்துவர் லூயி சேயர், கால்கள் செயலிழந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு விருத்தசேதனம் செய்து குணமாக்கியதாக அறிவித்தார். பின்னாளில் அவர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவருமானார். வாதம், வலிப்பு, இடுப்பு நோய் என்று பலவற்றுக்கும் இதையே மருந்தாகச் சொன்னார்கள். வாலிபரின் இச்சையை அடக்கும் என்றும் நம்பினார்கள். ஒழுக்கத்தின் பெயரால் குழந்தைகளுக்கு வலி உண்டாக்குவதைப் பரிந்துரைத்தவர்களும் உண்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இவ்வழக்கம் வேகமாகப் பரவியது. அதற்கு வேதம் காரணமாக இருக்கவில்லை. அக்காலத்து மருத்துவ நம்பிக்கையே காரணமாயிருந்தது.

1949இல் பிரிட்டனில் டக்ளஸ் கெய்ட்னர் என்னும் குழந்தை மருத்துவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பிறந்த குழந்தைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு, அது நோய் அன்று, வயது கூடக்கூடத் தானாகவே விலகும் என்று அவர் காட்டினார். விருத்தசேதனத்தினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 சிறு குழந்தைகள் இறப்பதையும் சுட்டிக்காட்டினார். மயக்க மருந்தும் அம்மரணங்களுக்கு ஒரு காரணமாயிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை, நோயில்லாத குழந்தைக்கு இதைச் செய்யச் செலவளிக்கவில்லை. அந்நாட்டில் வழக்கம் விரைவில் குறைந்தது. அமெரிக்காவிலோ இன்றும் ஏறத்தாழப் பாதி ஆண் குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது.

மருத்துவர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1971இல், பச்சிளம் பருவத்தில் இதைச் செய்யத் தகுந்த மருத்துவக் காரணம் இல்லை என்றது. 2012இல் அதே கழகம், நன்மைகள் ஆபத்துகளைவிட அதிகம், ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு செய்யட்டும் என்றது. நெதர்லாந்து மருத்துவர் சங்கமோ 2010இல், மருத்துவக் காரணமின்றிச் சிறுவருக்குச் செய்வது அவர்களுடைய உடல் உரிமைக்கு முரணானது என்று அறிவித்தது.

தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள், விருத்தசேதனம் செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவதைக் காட்டின. 2007இல் உலகச் சுகாதார நிறுவனம், அந்நோய் பெருகியிருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் குழந்தைகள் அல்லர். கேட்டறிந்து சம்மதித்த வளர்ந்த ஆண்கள். அந்தப் பயனைக் காட்டி எல்லா நாட்டுச் சிசுக்களுக்கும் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

இங்கே பெண் குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. சில நாடுகளில் பெண்களுக்குச் செய்யப்படும் உறுப்புச் சிதைப்பையும் விருத்தசேதனம் என்றே அழைத்து வந்தார்கள். அதற்கு வேதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. தீங்கு மட்டுமே உண்டு. எகிப்தில் கிறிஸ்தவர்களிடையேயும் அது இருந்தது என்பதை நாம் மறைக்கக்கூடாது. கென்யாவில் 1929இல் ஸ்காட்லாந்து மிஷனரிமார் அதை எதிர்த்தது சரியே. ஆனால் அதைக் கைவிடுவதாக உறுதியளிக்காதவர்களைச் சபையிலிருந்து நீக்கியபோது, கிக்குயு மக்கள் பெருந்திரளாக வெளியேறினார்கள். தங்கள் நிலத்தைப் பறித்த வெள்ளையர் தங்கள் பண்பாட்டையும் பறிப்பதாக அவர்கள் கருதினார்கள். 1930இல் ஹுல்டா ஸ்டம்ப் என்னும் மூத்த மிஷனரி அம்மையார் கொலையுண்டதும் அந்தக் கொந்தளிப்பின் நாட்களிலேயே. உண்மையைச் சொல்வது கடமை. யார், எந்த நிலையில் நின்று, எப்படிச் சொல்கிறார் என்பதும் சுவிசேஷத்தின் ஒரு பகுதியே.

கொலோன் நீதிமன்றம்

நம் காலத்து விவாதம் கூர்மையடைந்த இடம் ஜெர்மனியின் கொலோன் நகரம். 2010 நவம்பரில் அங்கே நான்கு வயது இஸ்லாமியச் சிறுவன் ஒருவனுக்குப் பெற்றோரின் விருப்பப்படி மருத்துவர் விருத்தசேதனம் செய்தார். இரண்டு நாட்களுக்குப் பின் இரத்தக்கசிவு ஏற்பட்டுத் தாய் மருத்துவமனைக்கு ஓடினார். வழக்கு நீதிமன்றம் சென்றது. 2012 மே மாதத்தில் நீதிமன்றம் மருத்துவரை விடுவித்தது. ஆனால் குழந்தையின் உடல் முழுமைக்கான உரிமை பெற்றோரின் மத உரிமையைவிட மேலானது, மதக் காரணத்திற்காகச் செய்யும் விருத்தசேதனம் உடற்காயக் குற்றமே என்று கூறியது.

குழந்தைக்கு வாய் இல்லை, அதற்காக யாராவது பேச வேண்டும் என்னும் அந்த நீதிமன்றத்தின் எண்ணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. சிறியவர்களில் ஒருவருக்கும் இடறலுண்டாக்க வேண்டாம் என்று போதித்த ஆண்டவரின் சீஷர்கள் நாம். ஆனால் இத்தீர்ப்பு வழங்கப்பட்ட மண்ணின் வரலாற்றையும் மறக்க இயலாது. அதே ஜெர்மனியில் 1543இல் மார்ட்டின் லூத்தர் யூதருக்கு எதிராக எழுதிய நூலில் அவர்களுடைய விருத்தசேதனத்தையும் இகழ்ந்தார். ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும் சொன்னார். நானூறு ஆண்டுகளுக்குப் பின் நாசி ஆட்சியில், ஒளிந்திருந்த யூதச் சிறுவர்களைக் காட்டிக்கொடுத்தது அவர்களுடைய உடலிலிருந்த இந்த அடையாளமே. நம் நாட்டிலும் 1947 பிரிவினைக் கலவரத்தில் ஆண்களின் ஆடையை அவிழ்த்துப் பார்த்து, யாரைக் கொல்வது என்று முடிவு செய்தார்கள். இப்படி உயிரைப் பறிகொடுத்த ஒரு ஜனத்திடம், உங்கள் உடன்படிக்கை இனி குற்றம் என்று ஒரு நீதிமன்றம் சொன்னபோது அவர்கள் நடுங்கினார்கள்.

ஜெர்மனியின் சீர்திருத்தத் திருச்சபையும் கத்தோலிக்க ஆயர்களும் யூதரோடும் இஸ்லாமியரோடும் சேர்ந்து அத்தீர்ப்பை விமர்சித்தார்கள். நாடாளுமன்றம் 2012 டிசம்பர் 12 அன்று புதிய சட்டம் இயற்றியது. ஆதரவு 434, எதிர்ப்பு 100, வாக்களிக்காமல் ஒதுங்கியவர் 46. மருத்துவ நெறிப்படி, வலி தணித்து, குழந்தையின் நலனுக்குக் கேடின்றிச் செய்தால் பெற்றோர் அனுமதிக்கலாம். முதல் ஆறு மாதங்களில், சமயச் சமூகத்தால் நியமிக்கப்பட்ட பயிற்சி பெற்றவரும் செய்யலாம். 2018இல் ஐஸ்லாந்தில் தடை மசோதா வந்தபோதும், அந்நாட்டு லுத்தரன் பேராயர் அம்மையார் அது யூதரையும் இஸ்லாமியரையும் குற்றவாளிகளாக்கும் என்று எச்சரித்தார். அம்மசோதா நிறைவேறவில்லை. ஒருகாலத்தில் இகழ்ந்த திருச்சபை, இப்போது அயலானுக்காகப் பேசியது. இதை நான் மனந்திரும்புதலின் கனியாகவே பார்க்கிறேன்.

நமக்குரிய ஆலோசனை

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, விருத்தசேதனம் செய்வதால் உங்கள் குழந்தை தேவனுக்கு நெருங்குவதுமில்லை, செய்யாததால் விலகுவதுமில்லை. அந்தக் காரியம் எருசலேமில் முடிந்தது. வெளிநாட்டு மருத்துவமனையில் கேட்கப்படும்போது, வேதம் சொல்கிறது என்று அஞ்சி ஒப்புக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் நன்மை தீமைகளைக் கேளுங்கள். குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்பதைச் சொல்லுங்கள். அவசரம் இல்லாதபோது, பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்யும்வரை காத்திருப்பதும் நல்ல முடிவே.

இரண்டாவது, நோயின் காரணமாகத் தகுதியான மருத்துவர் அறுவைச் சிகிச்சை தேவை என்றால், அதை மதச் சடங்காக எண்ணி மறுக்க வேண்டாம். அது ஒரு சிகிச்சை மட்டுமே. ஐயமிருந்தால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். சிறுவயதின் இயல்பான நிலையும் நோயாகக் கருதப்படுவது உண்டு. பிள்ளைக்கு விவரம் தெரிந்த வயதானால், நடக்கப்போவதை அவனுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். அவன் உடல் தேவன் அவனுக்குக் கொடுத்தது. நாம் அதன் காப்பாளர்கள்.

மூன்றாவது, நம் தெருவில் இஸ்லாமியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சுன்னத்து செய்கிறார்கள். அவர்களும் ஆபிரகாமையே நினைவுகூருகிறார்கள். அதை வைத்துக் கேலிச்சொல் பேசுவதை நம் வாலிபர் விளையாட்டாகக் கருதுகிறார்கள். பெற்றோரே, அப்படி ஒரு சொல் உங்கள் வீட்டில் காதில் விழுந்தால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். நாம் ஆராதிக்கும் இரட்சகர் தம் உடலில் அந்த அடையாளத்தைச் சுமந்தவர். அவர் முதன்முதல் இரத்தம் சிந்தியது எட்டாம் நாளில், தம் ஜனத்தாரின் பிள்ளைகள் எல்லாரையும் போலவே. அவ்வடையாளத்தை இகழ்கிறவன் யாரை இகழ்கிறான் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

நமக்கோ, இருதயத்தின் விருத்தசேதனமே கேட்கப்படுகிறது. அதை எந்த மருத்துவரும் செய்ய இயலாது. எந்த நீதிமன்றமும் தடுக்க இயலாது. அயலானைக் குறித்த இகழ்ச்சியும், பிள்ளைகளின் மேல் நம் விருப்பத்தைச் சுமத்தும் பிடிவாதமும் அறுத்தெறியப்படுவதே அதன் தொடக்கம்.

ஜெபம்: ஆபிரகாமின் தேவனே, எங்கள் கழுத்திலிருந்து நுகத்தை எடுத்துப்போட்ட உம்முடைய கிருபைக்காக நன்றி செலுத்துகிறோம். எங்கள் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் பயபக்தியோடு பேண எங்களுக்கு ஞானம் தாரும். எங்கள் அயலாரைக் கனம்பண்ணும் நாவைத் தாரும். எங்கள் இருதயத்தின் கடினத்தை நீக்கியருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம் பிதாவே. ஆமென்.